ரோமியோ ஜூலியட் தமிழில்: சாவுக்கு அழறாங்க, காதல்தான் ஒட்டல

சைடுவிங்_தண்டையார்பேட்டை:
அண்ணன்களே, அக்காக்களே, தண்டையார்பேட்டை கல்யாண மண்டபம் ஒண்ணுல போடுறதுக்காக இந்த நாடகத்தை ஒன்றரை மணி நேரமா சுருக்கியிருக்கோம். ஒத்திகையில கல்லறைக் காட்சிக்குக் கண் கலங்குது. ஆனா இவங்க ரெண்டு பேரும் காதலிச்சாங்கன்னே தோணல. மாடிக் காட்சியில சிரிப்பு வேற. வெட்டினது: ரோமியோ முதல்ல உருகின ரோசலினைப் பத்தின பேச்சு, கடிதம் கொண்டு போற பாதிரியார் ஜான், விடியக்காலைப் பறவை வாக்குவாதம். எங்கே சறுக்குது?

எசப்பாட்டு:
வெட்டின இடத்துலதான் தம்பி. ரோசலின் மேடைக்கே வரமாட்டா. அவளை நினைச்சு ரோமியோ "குளிர்ந்த நெருப்பு, நோயான ஆரோக்கியம்"னு நண்பன் பென்வோலியோகிட்ட அடுக்கிட்டுத் திரிவான். அவ பக்கத்துலருந்து பதிலே வராத காதல் அது. ஜூலியட்டைப் பார்த்ததும் பதில் வருது. முதல் சந்திப்பு 14 வரி: அவன் 4, அவள் 4, மீதி ஆறும் மாறி மாறி. அவன் யாத்திரிகன், அவள் புனிதச் சிலைன்னு ஒரே உருவகத்தை அவன் நீட்ட, அவள் அதையே திருப்பிப் போடுவா. வள்ளி திருமணத்துல வர்ற தர்க்கம் மாதிரிப் பிடிங்க. ஒருத்தர் வரி முடியுறதுக்குள்ள அடுத்தவர் எடுக்கணும். நடுவுல பின்னணி இசை விட்டா செத்துது.

மாடிக் காட்சியில சிரிப்பு வந்தா வரட்டும். ரோமியோவோட நண்பன் மெர்குஷியோ சாகுற வரைக்கும் பாதி நகைச்சுவைதானே. ஆனா ஜூலியட்டை நிலாவைப் பார்த்து உருக விடாதீங்க. அவ கேக்குறது எல்லாம் காரியக் கேள்வி: எப்படி உள்ள வந்த, சுவர் உசரமாச்சே, எங்க ஆளுங்க பார்த்தா வெட்டிடுவாங்களே. மாசாமாசம் மாறுற நிலா மேல சத்தியம் பண்ணாதேம்பா. நாளைக்கு ஆள் அனுப்புறேன், எத்தனை மணிக்குன்னு கேப்பா, அவன் ஒன்பதுன்னு சொல்லுவான். இந்தக் கேள்விகளை வெட்டினா மிஞ்சுறது வெறும் வர்ணனை. மூலத்துல 'பால்கனி'ங்கிற சொல்லே கிடையாது, மேலே ஜன்னல்தான். மண்டப மேடைக்கு நாலடிப் பலகை போதும். கை எட்டுற மாதிரி இருக்கணும், எட்டக் கூடாது.

கூவம்_தாண்டி:
பறவையை ஏன் வெட்டினீங்கன்னு புரியுது, ராத்திரியில பாடுற நைட்டிங்கேலைக் 'குயில்'னு போட்டிருப்பீங்க. நம்ம ஊர்ல குயில் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும், அர்த்தம் தலைகீழாயிடும். விடியலுக்குக் கோழியை வைங்க; குறுந்தொகை 157-லயே கோழி கூவினதும் காதலரைப் பிரிக்கிற வாள் மாதிரி வைகறை வந்துச்சுன்னு அள்ளூர் நன்முல்லையார் சொல்லிட்டார். ராத்திரிக்கு ஆந்தை.

முக்கியம் இடம் மாறுறதுதான். "இன்னும் விடியல"ன்னு அவ சொல்ல, அவன் மறுப்பான். அப்புறம் "நீ சொன்னா ராத்திரிதான், மாட்டிக்கிட்டுச் சாகுறேன்"னு அவன் இறங்கினதும் அவளே "விடிஞ்சிடுச்சு, ஓடு"ம்பா. ஒரு நிமிஷத்துல முடியும். மொத்த நாடகத்துல அவங்க ஒண்ணா கழிச்ச ஒரே ராத்திரி அது. அதைத் தூக்கிட்டு எதுக்குக் கல்லறையில அழணும்?

ஜான் பாதிரியாரையும் ரெண்டு வரியில காப்பாத்துங்க. கொள்ளைநோய்ச் சந்தேகத்துல அவரை வீட்டோட அடைச்சதாலதான், ஜூலியட் சாகல, மருந்துல தூங்குறான்னு ரோமியோவுக்கு எழுதின கடிதம் போகல. கொரோனா பார்த்த ஜனத்துக்கு விளக்கமே வேணாம். அது இல்லன்னா ரோமியோ வெறும் அவசரக்குடுக்கை.

சைடுவிங்_தண்டையார்பேட்டை:
நன்றி அண்ணே. கடைசியில ரோமியோ உயிர் போறதுக்கு முன்னாடி ஜூலியட் கண் முழிச்சு, ரெண்டு பேரும் பேசினா இன்னும் உருக்கமா இருக்காதா?

எசப்பாட்டு:
1748-ல நடிகர் டேவிட் காரிக் லண்டன்ல அதைத்தான் செஞ்சார், நல்லாவே ஓடுச்சு. ஆனா அழுகை கூடும், காதல் குறையும். மூலத்துல ரெண்டு பேரும் தனித்தனியா, கேக்க ஆளில்லாம முடிவெடுக்குறாங்க. உதட்டுலயும் கன்னத்துலயும் இன்னும் சிவப்பு இருக்கேன்னு அவன் சொல்வான். அவ உயிரோட இருக்கான்னு நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த வரியை விட்டுடாதீங்க. அவ எழுந்து முத்தம் கொடுத்து "உன் உதடு இன்னும் சுடுது"ம்பா. அதுக்கப்புறம் அவளுக்கு ரெண்டு மூணு வரிதான். ரோமியோ நீளமாப் பேசுவான், அதுல வேணும்னா பாதி வெட்டுங்க.