நான்கு மாதம் இருந்தால் வளர்ந்த பிள்ளையா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட், மலேசியா:
நம் ஊர்ப் பெண் ஒருத்தி சிட்னிக்குப் போய், இரு தாய்மாரோ இரு தந்தையரோ வளர்க்கும் பிள்ளைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறாளாம். அத்தகைய பிள்ளைகள் சீராக வளர்வதில்லை என்று 2012இல் மார்க் ரெக்னரஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஏறத்தாழ 3,000 பேரிடம் கேட்டு நிறுவிவிட்டார். இனி எடுக்க என்ன இருக்கிறது?

படக்காரி:
ஐயா, தாய்க்கு இன்னொரு பெண்ணுடன் உறவு இருந்தது என்று அந்த ஆய்வில் சொன்னவர்களுள், அவ்விருவரோடும் நான்கு மாதமாவது ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் 57 விழுக்காட்டினர். மூன்று ஆண்டாவது வாழ்ந்தவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே. பலர் பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளைகள். நான்கு மாதம் இருந்தவரை அவ்வீட்டில் வளர்ந்தவர் என்பீர்களா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கேட்டது 3,000 பேரிடம். அதை முதலில் ஒப்புக்கொள்.

தோட்டத்துப் பிள்ளை:
ரப்பர்த் தோட்டத்து வேலையாட்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையிலும் பாட்டியிடமும் வளர்ந்தவன் நான். விடியுமுன் அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். என்னை வளர்த்தவர்கள் இரண்டு பெண்கள். நான் கெட்டா போனேன்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஆயாவும் பாட்டியும் கணவன் மனைவியா? தோட்டத்து மானத்தை இதில் இழுக்காதீர்கள். அந்தக் கொட்டகையில் நானும் கிடந்தவன்தான்.

படக்காரி:
நானெட் கார்ட்ரெல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1986இல் தொடங்கிய ஆய்வில் பிள்ளைகள் பிறந்தது முதல் அவ்வீடுகளிலேயே வளர்ந்தவர்கள். அவர்களுள் 78 பேர் 17 வயதில் மற்றப் பிள்ளைகளுக்குக் குறைந்தவர்களாக இல்லை என்று 2010இல் வெளியிட்டார். நான்கு மாதம் எங்கே, 17 ஆண்டு எங்கே?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அதற்கு விடை எழுதியவர்கள் தாய்மார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. 3,000 எங்கே, 78 எங்கே?

படக்காரி:
அதனால்தான் தாய்மாரை விட்டுப் பிள்ளைகளையே பேசவைக்கப் போகிறேன். மாயா நியூவெல் என்ற ஆஸ்திரேலிய இயக்குநர் 2015இல் வெளிவந்த ‘கேபி பேபி’ என்ற ஆவணப்படத்தை நான்கு பிள்ளைகளைக் கொண்டு அப்படித்தான் எடுத்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அந்தப் படத்தை அந்த நாட்டிலேயே தடைசெய்தார்களே!

படக்காரி:
நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பாடநேரத்தில் பள்ளிகளில் காட்டக் கூடாது என்று கல்வி அமைச்சர் உத்தரவிட்டார், அவ்வளவே. திரையரங்குகளில் அது ஓடியது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பள்ளி ஆண்டுவிழாப் படத்தில் என் உரையை முழுவதும் வெட்டி எறிந்தவள், பிள்ளைகளின் பேச்சை வெட்டாமல் விடுவாயா?

படக்காரி:
நாற்பது நிமிட உரையை ஐந்து நிமிடமாக்கினேன் ஐயா, முழுவதும் வெட்டவில்லை. நான்கு மாதக் கேள்விக்கு இன்னும் நீங்கள் விடை சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஐந்து அல்ல, மூன்று நிமிடம். என் மகன் கடிகாரம் வைத்துப் பார்த்தான்.