நார்தெக்ஸ்: இந்தச் சொல் உங்களை எங்கே பிடித்தது?

அகராதிப்பித்து

போன மாதம் ஏதென்ஸில் அக்ரோபோலிஸிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்தேன். அந்தப் பாறை இரண்டாயிரம் வருடக் கால்கள் தேய்த்தது, சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். மோதிர விரலில் முறிவு. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் நர்ஸிடம் திரும்பி ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே சொல், 'நார்திகஸ்'.

அதற்கு நான்கு நாள் முன்புதான் இஸ்தான்புல்லில் ஆயா சோபியாவுக்குப் போயிருந்தேன். 537-இல் கட்டி முடித்த கோயில். உள்ளே நுழையும் முன் குறுக்கே நீளமாக இரண்டு முகமண்டபங்கள், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. அவற்றுக்கு நார்தெக்ஸ் என்று பெயர். பண்டைக் கிறித்தவர்களிடம், ஞானஸ்நானம் பெறாதவர்கள் திருவிருந்துக்கு இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கான இடம் இது என்று வழிகாட்டி சொல்லியிருந்தார்.

என் விரலுக்கு எதற்கு முகமண்டபம்?

நர்ஸ் ஒரு பட்டையை எடுத்துவந்து விரலோடு சேர்த்துக் கட்டியதும் புரிந்தது. நம் ஊரில் மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார்களே, அதுதான் இன்றைய கிரேக்கத்தில் நார்திகஸ். அறைக்குத் திரும்பி ஒற்றைக் கையால் தேடினேன். அடிப்படையில் அது ஒரு செடியின் பெயர். சோம்புச் செடியின் ராட்சத அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரத்தைத் தாண்டும், தண்டு கனமே இராது, ஆனால் விறைப்பாக நிற்கும். எலும்பு முறிவு பற்றிய பழங்கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் நூலிலேயே கட்டுக்கு வைக்கும் பத்தைகளுக்கு இந்தப் பெயர்தான். செடிப் பெயர் எங்கிருந்து வந்தது என்றால், கிரேக்கர் வருவதற்கு முன் அங்கே இருந்தவர்களின் மொழியிலிருந்து என்று ஒரு கருத்து உண்டு. அதற்கு மேல் தோண்ட வழியில்லை.

வேறு யாருக்காவது இந்தச் சொல் எங்காவது அகப்பட்டதா?

கப்பல்காரன்

அண்ணே, எனக்கு அது நெருப்பு.

சில வருடம் முன்பு எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்காகக் கிரேக்கத்தின் சீரோஸ் தீவில் நின்றது. மூன்று வாரம். கரையில் நடக்கப் போனால் மலைச்சரிவு முழுக்கக் காய்ந்த தண்டுகள் கம்பம் கம்பமாக நிற்கும். பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ஒன்றை முறித்துக் காட்டினார். வெளியே மூங்கில் போல வழவழப்பான ஓடு, உள்ளே நெட்டி மாதிரி வெள்ளையாக, மெத்தென்று. "புரொமிதியஸ்" என்று சொல்லி, வானத்தைக் காட்டி, பையில் எதையோ போட்டு ஒளித்துக்கொள்வது போல நடித்தார்.

கதை எனக்குத் தெரியும். மனிதர்களுக்காகத் தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடியவன். ஆனால் எதில் வைத்துத் திருடினான் என்று நான் யோசித்ததே இல்லை. பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் தெளிவாகச் சொல்கிறார், நார்தெக்ஸ் தண்டில். அவர் 'உட்குழிந்த' தண்டு என்கிறார். அதைப் படித்துவிட்டுப் பலரும் புல்லாங்குழல் போல ஓட்டைக் குழாயையும், அதன் நுனியில் எரியும் தீப்பந்தத்தையும் வரைந்துவிடுகிறார்கள். பந்தம் என்றால் தேவர் தலைவன் ஜீயஸுக்குத் தெரியாமலா போகும்? திருட்டின் சூட்சுமமே அந்த நெட்டியில்தான் இருக்கிறது.

அக்டோபரில் மழை பெய்து தரை நனைந்த பிறகு, பக்கத்தில் வாளித் தண்ணீரோடு கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். (கோடையில் யாரும் செய்யாதீர்கள், அங்கே காட்டுத்தீ விளையாட்டு விஷயமில்லை.) முழ நீளத் துண்டு ஒன்றை எடுத்து, நுனி நெட்டியில் லைட்டரை வைத்தேன். சுவாலை வரவில்லை. ஊதுவத்தி போல உள்ளுக்குள் கனிந்துகொண்டே போனது. கால் மணி நேரத்தில் ஓர் அங்குலம் போலத்தான் இறங்கியிருக்கும். வெளி ஓட்டைக் கையால் பிடித்திருந்தேன், சுடவில்லை. அணைந்துவிட்டதோ என்று வாயருகே வைத்து ஊதினால், செக்கச் செவேல் என்று கண் திறக்கிறது.

1700-இல் அந்தத் தீவுகளைச் சுற்றிய தூர்ன்ஃபோர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், ஸ்கினூசா தீவில் மக்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நெருப்பு கொண்டுபோக இந்தத் தண்டைத்தான் பயன்படுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறார். அவருடைய மாலுமிகளும் கட்டுக்கட்டாக எடுத்துப் படகில் வைத்துக்கொண்டார்களாம். தீப்பெட்டி இல்லாத காலத்துக் கடலோடிக்கு இதைவிட என்ன வேண்டும்? புரொமிதியஸ் கதையைக் கட்டியவன் தினமும் இப்படி அடுப்பு நெருப்பு தூக்கி நடந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

எனக்கு இந்தச் செடி லத்தீன் பெயரில்தான் அறிமுகம்: ஃபெரூலா. ரோமாபுரி வாத்தியார்களின் பிரம்பு. ரோமானியக் கவிஞர் மார்ஷியல் அதை ஆசிரியர்களின் செங்கோல் என்கிறார். இன்னொரு இரண்டடிப் பாட்டில் அந்தக் குச்சியே பேசுகிறது: பையன்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது, வாத்தியார்களுக்குப் பிரியம், புரொமிதியஸின் கொடையால் பேர்பெற்ற கட்டை நாங்கள் என்று.

புளிய மிளாறில் வாங்கிய தலைமுறை நான். சோம்புத் தண்டில் அடி என்றதும் பொறாமையாக இருந்தது. அது வலிக்காது என்பதற்குப் பழைய சாட்சியே உண்டு. மதுத் தெய்வம் டியோனிசஸின் திருவிழாக்களில் குடித்துவிட்டுக் கையில் இருந்த மரத்தடியால் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். இனி நார்தெக்ஸ் தண்டையே பிடியுங்கள் என்று அந்தத் தெய்வமே சொன்னதாகப் பழைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். ஐவிக்கொடி சுற்றி அவர்கள் ஏந்தும் தைர்சஸ் கோல் இதுதான். 'தண்டு ஏந்தியவர் பலர், பக்தர் சிலரே' என்று பிளேட்டோ எடுத்துக்காட்டும் பழமொழியும் இதிலிருந்து பிறந்தது. திருநீறு பூசியவரெல்லாம் என்று நம் ஊரில் தொடங்குவோமே, அந்த ஜாதி.

நிக்கோசியா_அக்கா

நான் சைப்ரஸில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். பங்குனி, சித்திரையில் ரோட்டோரம் முழுக்க மஞ்சள் குடையாக இந்தப் பூதான். இலை சதகுப்பை போல நூல் நூலாக இருக்கும். கறிக்குப் போடலாம் என்று நினைத்து ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு வந்தேன். அம்மா பார்த்துவிட்டுப் போட்ட சத்தம்! கையைக் கழுவ வைத்த பிறகுதான் விட்டார். இங்கே அதற்கு அனத்ரீகா என்று பெயர். நார்தெக்ஸ்தான் வாயில் உருண்டு உருண்டு இப்படி ஆகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அகராதிப்பித்து

அக்கா, அந்த அம்மா சத்தம் போட்டது சரி. சார்டினியாவில் இதைத் தின்ற ஆடுகள் உள்ளே இரத்தம் கசிந்து சாகின்றன. கழுதைக்கு மட்டும் இது விருந்து, மற்ற கால்நடைக்கு நஞ்சு என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். கழுதை விஷயத்தை நான் நம்பமாட்டேன்.

நான் தேடியதில் இன்னொன்று. மருந்தும் தைலமும் வைக்கும் சிறு பேழைக்கும் நார்தெக்ஸ் என்று பெயர். அலெக்சாந்தர் படையெடுப்பில் கூடவே கொண்டுபோன, ஹோமரின் இலியத் காவியப் பிரதிக்குப் 'பேழை இலியத்' என்று பெயர் வந்ததும் இந்தச் சொல்லால்தான். சிசிலியில் தேன் வளர்ப்பவர்கள் இந்தத் தண்டுகளை அடுக்கிச் செருகி நீளப் பெட்டியாகத் தேன்கூடு செய்வார்கள். கோயில் மண்டபத்துக்குப் பெயர் வந்தது அதன் ஒடுங்கிய நீள வடிவத்தால் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். எனக்கென்னவோ வடிவம் மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. நெருப்பு, தைலம், புத்தகம், முறிந்த எலும்பு, ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கிற ஆள் என்று எல்லாவற்றையும் சேதமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வதுதான் இதன் வேலையாக இருந்திருக்கிறது. மொழியியலார் யாராவது இருந்தால் திட்டலாம்.

காயக்கடை

இவ்வளவு பேர் பேசினீர்கள், ஒருவருக்கும் மூக்கு வேலை செய்யவில்லையா? ஃபெரூலா என்றால் பெருங்காயம், சாமி! அதே இனம், வேறு செடி. ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் வேரைக் கீறி வடியும் பாலை எடுப்பது. 19ஆம் நூற்றாண்டில் ஃபால்கனர் என்ற தாவரவியலாளர் காஷ்மீர்ப் பக்கம் ஒரு பெருங்காயச் செடிக்கு நார்தெக்ஸ் அசஃபீடிடா என்றே பெயர் வைத்தார். எங்கள் அப்பா காலத்தில் தோல் பையில் வரும் சரக்கு. பையைப் பிரித்தால் தெருமுனை வரை வாசம். இப்போது டப்பாவில் விற்பது பாதிக்கு மேல் மாவும் பிசினும். இந்தியாவில் நட்டுப் பார்க்க 2020 அக்டோபரில்தான் இமாசலத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் நாற்று வைத்தார்கள்.

கப்பல்காரன்

காயக்கடை அண்ணே, அந்தச் செடித் தண்டிலும் நெட்டி உண்டா? காய்ந்தது கிடைத்தால் ஒரு முழம் எடுத்து வையுங்கள்.

அகராதிப்பித்து

இன்றைக்குக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல் மடங்குகிறது. நார்திகஸைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அலுமினியப் பட்டை, உள்ளே நீல ஸ்பாஞ்சு. கப்பல்காரரிடம் மட்டும் கொடுப்பதாக இல்லை.