அசையாமல் நின்றவன்மீது பிளாக்கிங் பவுலா?

எண் 7:
எட்டு ஆண்டுகளாக மனத்தில் கிடக்கும் ஒரு விசிலைப் பற்றி எழுதுகிறேன். கல்லூரி அணிகளுக்கான கூடைப்பந்து அரையிறுதி ஆட்டம். முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. நாங்கள் ஒரு புள்ளி முன்னிலை. எதிரணி ஆட்டக்காரர் வலப்பக்கமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். அவருக்கு முன்பே நான் கூடைக்கு அடியில் போய் நின்றுவிட்டேன். அவர் எகிறினார், மோதினார், நான் மல்லாந்து விழுந்தேன். கிடந்தபடியே நடுவரின் கைகளைப் பார்த்தேன். மூடிய கையை உள்ளங்கையில் அடித்துச் சார்ஜிங், அதாவது பந்தோடு வந்து மோதியவரின் தவறு, என்று காட்டுவார் என நம்பினேன். அவரோ இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தார். பிளாக்கிங்! தடுத்து நின்ற என் தவறாம்! எனக்கு அது ஐந்தாவது பவுல், அதனால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மோதியவர் அந்தப் பவுலுக்காகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் (தடுப்பாரில்லாத எறிதல்கள்) கூடைக்குள் போடுவதை வெளியே உட்கார்ந்து பார்த்தேன். அசையாமல் நின்றவன்மீது எப்படிப் பவுல் வரும்? உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

பின்கோடு:
எனக்கு நேர்மாறாக நடந்தது. நான் நகர்ந்துகொண்டே இருந்தேன். பவுல் எதிராளிமீது போனது. அவளுக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தேன். அவள் திசை மாற்ற, நானும் பக்கவாட்டில் மூன்று எட்டு வைத்தேன். மூன்றாவது எட்டில் என் நெஞ்சின் நடுவிலேயே வந்து இடித்தாள். சார்ஜிங். "நகர்ந்தாளே, நகர்ந்தாளே!" என்று அவர்கள் பயிற்சியாளர் எல்லைக்கோட்டில் நின்று கத்தினார். அதிர்ஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிநூலை எடுத்துப் படித்தேன். எதிராளியைப் பார்த்தபடி இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி ஒருமுறை இடம் பிடித்துவிட்டால் போதும். அதன்பின் அவளுக்கு முன்னால் இருப்பதற்காகப் பக்கவாட்டிலோ பின்னாலோ நகரலாம். மோதலைத் தாங்க உடலைத் திருப்பிக்கொள்ளவும் உரிமை உண்டு. "நின்றால் சார்ஜிங், நகர்ந்தால் பிளாக்கிங்" என்று சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள்மீது எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, எதிராளி கிட்டே வந்ததும் மரம்போல் நின்று எத்தனையோ பேரைக் கடந்துபோக விட்டிருக்கிறேன்.

இடதுகை:
அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ. பார்த்து வளர்ந்தவன் நான். உள்ளூர் ஆட்டங்களில் அதனாலேயே வாதாடி வாதாடித் தோற்றேன். தடுப்பவர் உள்ளே நின்றால் சார்ஜிங் கிடைக்காத, கூடைக்கு அடியில் உள்ள அரைவட்டம் அங்கே 4 அடி, 1997-98 பருவத்திலிருந்து, ஃபிபாவில் 1.25 மீட்டர், 2010 முதல். அளவில் பெரிய வேறுபாடு இல்லை. நேரக் கணக்குதான் வேறு. எறிபவர் பந்தை மேலே கொண்டுபோகத் தொடங்கும் முன்பே தடுப்பவர் வந்திருக்க வேண்டும் என்பது என்.பி.ஏ. முறை. ஃபிபாவில் எறிபவரின் கால் தரையை விட்டு எழும்வரை அவகாசம் உண்டு. அதே மோதலுக்கு அங்கே ஒரு தீர்ப்பு, இங்கே வேறு தீர்ப்பு.

பழைய விசில்:
பல ஆண்டுகள் நடுவராக இருந்தவன் என்பதால் எண் 7 அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பாதங்கள் எங்கே இருந்தன? ஒரு பாதம் அரைவட்டக் கோட்டைத் தொட்டிருந்தாலும் உள்ளே என்றுதான் கணக்கு. அப்படியானால், எகிறி வருபவர் கையாலோ காலாலோ முறைகேடாக இடித்தால் ஒழிய, அவர்மீது சார்ஜிங் கொடுக்க முடியாது.

ஆனால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அரைவட்டம் சார்ஜிங்கை விலக்குகிறதே தவிர, தடுப்பவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை. நீங்கள் கைகளை உயர்த்தி நேராக நின்றிருந்தால் விசிலே ஊதாமல் ஆட்டத்தைத் தொடரவிட்டிருக்கலாம். பிளாக்கிங் கொடுத்தார் என்றால், அந்த நடுவர் வேறு ஏதோ பார்த்திருக்கிறார்.

என் முதல் ஆண்டில் இப்படி ஒரு மோதலுக்குச் சற்றும் யோசிக்காமல் இடுப்பில் கைவைத்தேன். இடைவேளையில் உடனிருந்த மூத்த நடுவர் கேட்டார்: "தடுத்த பையன் எப்போது அங்கே வந்தான், தம்பி?" எனக்குத் தெரியவில்லை. என் கண் முழுக்கப் பந்தோடு போயிருந்தது. இடி நெஞ்சில் விழுந்ததா, தோளிலா, இடுப்பின் ஓரத்திலா என்றும் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்ற அணியின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அன்றிலிருந்து பந்தைத் தொடர்வதில்லை. தடுப்பவரின் உடலைத்தான் பார்ப்பேன். பந்தோடு வருபவர் எவ்வளவு வேகத்தில் வந்தாலும் அவருக்குத் தூரமோ நேரமோ விட வேண்டியதில்லை. பந்தில்லாமல் ஓடுபவருக்கு மட்டுமே ஓரிரு எட்டு இடைவெளி வேண்டும்.

எண் 7:
அந்த ஆட்டத்தின் காணொளி என் அண்ணனிடம் இருந்தது. நேற்றிரவு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடது குதிகால் கோட்டின்மேல் இருக்கிறது. அது மட்டும் என்றால் ஏற்றுக்கொண்டிருப்பேன். அவர் தரையை விட்டு எழுந்த பிறகு என் வலது இடுப்பு ஒரு சாண் அளவுக்கு வெளியே போகிறது. அவர் இடித்தது அங்கேதான். என் நெஞ்சில் இல்லை.