மறு: அவசர ஹெர்னியா அறுவை – ‘நுண்துளை’ போதுமா?

> ‘நுண்துளை அறுவை’ நாளிதழ்களில் பழகிவிட்டது. மினிமலி இன்வேசிவ் சர்ஜரிக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வணக்கம்.

மினிமலி இன்வேசிவ் என்பது பெரிதாகக் கீறாமல் செய்யும் அறுவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். அதில் ஒரு வகையான லேப்ராஸ்கோப்பிக்கு (துளை வழியே கேமரா விட்டுச் செய்வது) மட்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். (5 முதல் 12 மி.மீ. வரை இருக்கும் துளையை ‘நுண்’ என்பது கொஞ்சம் மிகைதான். போகட்டும்.) அவசர ஹெர்னியாவில்தான் அந்தச் சொல் இடிக்கிறது.

வயிற்றுச்சுவரின் ஓட்டையில் குடல் மாட்டி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு நோயாளி வருகிறார். மருத்துவர் லேப்ராஸ்கோப்பில் பார்த்தபடி குடலை மெல்ல வயிற்றுக்குள் இழுத்து விடுவிக்கிறார். உடனே வெட்டிவிடுவதில்லை. நிறம் திரும்புகிறதா, அசைவு தெரிகிறதா என்று கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கிறார். இந்த முறையின் பெரிய வசதியே அதுதான். தொடை இடுக்கில் கீறிச் செய்யும்போது, பிடி தளர்ந்த குடல் சில சமயம் சோதிப்பதற்கு முன்பே உள்ளே நழுவிவிடும்.

சரி, குடல் அழுகியிருந்தால்? ஒரு துளையைக் கீறி அகலமாக்கி, கெட்ட பகுதியை வெளியே எடுத்து, வெட்டி இணைத்து உள்ளே விடுவதும் உண்டு. மினிமலி இன்வேசிவ் என்பதில் இதுவும் அடங்கும். இதைப் போய் நுண்துளை என்று எப்படிச் சொல்வது?

சொல்லுக்குச் சொல் ‘குறை ஊடுருவல் அறுவை’ என்றால் எல்லைக் காவல் செய்தி போல இருக்கிறது. என் பரிந்துரை: ‘சிறுதிறப்பு அறுவை’. துளையும் சிறு கீறலும் இதில் அடங்கும், பெரிதாகக் கீறிச் செய்வதற்கு ஏற்கெனவே புழங்கும் ‘திறந்த அறுவை’க்கும் சரியான ஜோடி. குடல் மிகவும் உப்பிக் கருவிக்கு இடமே இல்லாதபோது, “சிறுதிறப்பில் தொடங்கித் திறந்த அறுவைக்கு மாறினோம்” என்று குறிப்பில் எழுதலாம். எந்தச் சொல்லை முன்வைத்தாலும் இந்த வாக்கியத்தில் பொருத்திப் பாருங்கள்.

அப்புறம், இன்கார்சரேட்டட், ஸ்ட்ராங்குலேட்டட் இரண்டுக்கும் ‘சிக்கிய குடலிறக்கம்’ என்று ஒரே சொல்லைப் போடக்கூடாது. முன்னதில் பிதுங்கியதை உள்ளே தள்ள முடியவில்லை, அவ்வளவே. பின்னதில் ரத்தமே போகவில்லை, சில மணி நேரத்தில் திசு செத்துவிடும். ‘சிக்கிய’, ‘நெரிபட்ட’ என்று பிரித்துவிடலாம்.

ஹெர்னியாவைக் ‘குடலிறக்கம்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பல நேரம் ஓட்டையில் இருப்பது வெறும் கொழுப்புதான், மேல்வயிற்றில் வருவது இறங்குவதும் இல்லை. பொதுமக்களுக்கான கையேட்டில் அது இருக்கட்டும். அறுவைக் குறிப்புக்கு ‘பிதுக்கம்’ போதும்: சிக்கிய பிதுக்கம், நெரிபட்ட பிதுக்கம்.

ஓட்டையை மூட வைக்கும் மெஷ்ஷுக்கு ‘வலை’ என்றே விட்டுவிடலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை.