மறு: ‘அசெட் ரினியூவல்’: மூப்பீடு என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். நான் எழுதிவரும் நூலில், ஆங்கிலத்தில் ‘அசெட் ரினியூவல்’ (asset renewal) என்பதற்கு ‘மூப்பீடு’ என்று புதுச்சொல் போடலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘புதுப்பித்தல்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்விதான். ஆனால் பேரூராட்சி அலுவலகத்தில் புதுப்பித்தல் என்றால் தொழில் உரிமத்தைப் புதுப்பிப்பது. ஊர்க்காரருக்கோ, பேருந்து நிலையத்துக்கு வெள்ளையடித்து, வளைவு வைத்து, ரிப்பன் வெட்டுவது. நமக்கு வேண்டியது இரண்டும் இல்லை. முப்பது வருடம் உழைத்த குடிநீர்க் குழாயை, அது வெடித்துத் தெரு குளமாவதற்கு முன்பே எடுத்துவிட்டு, அதே வேலைக்கு வேறு குழாய் போடுவது. பழுதுபார்ப்பது வேறு, பராமரிப்பது வேறு, இது வேறு. மூன்றுக்கும் ‘பராமரிப்பு’ என்றே போட்டிருந்த என் முதல் வரைவை இரண்டாம் முறை படித்தபோது எனக்கே புரியவில்லை.

எங்கள் தெருமுனை மேல்நிலைத் தொட்டியைப் பாருங்கள். கொள்ளளவு 60,000 லிட்டர், கட்டிய ஆண்டு, சுத்தம் செய்த நாள், அடுத்துச் சுத்தம் செய்யும் நாள் எல்லாம் நீல பெயிண்டில் எழுதியிருக்கிறது. எழுத்துக்குக் கீழே காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. இதை எந்த வருடம் மாற்றப்போகிறோம், பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு விளக்கை எரிக்க இடையரிடம் 96 ஆடு ஒப்படைப்பு, அவர் தர வேண்டியது நாளுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்கு வரும். ஆடு கிழடாகும், சாகும். பிறக்கும் குட்டிகளைக் கொண்டு இடையர் எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால்தான் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’, அதாவது சாகாத, மூப்படையாத ஆடு. தனி ஆடு மூப்படையும், மந்தை மூப்படையாது. ஊர் முழுக்க ஓடும் குழாய்களுக்கும் இதே கணக்குத்தான்.

அங்கிருந்து எடுத்ததுதான் மூப்பு. இழப்பு + ஈடு = இழப்பீடு என்றால், மூப்பு + ஈடு = மூப்பீடு. தேய்மானத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். தேய்மானம் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது, மூப்பீடு பள்ளம் தோண்டிச் செய்வது.

> ‘மதிப்பீடு’ மாதிரி, வயதைக் கணக்கிடுவது என்று படித்துவிட மாட்டார்களா?

சிலர் படிப்பார்கள். அங்கே வருவது இடுதல், இங்கே வருவது ஈடுகட்டுதல் என்று ஓவர்சீயரிடம் போய் இலக்கணம் பேச முடியாது. ஆனால் ‘மூப்பீட்டு நிதி’ என்று சொல்லிப் பாருங்கள், பொருள் தானாக விளங்கும். சிங்கப்பூரில் நகர மன்றங்கள், வீட்டுக்காரர்கள் கட்டும் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கை இப்படித் தனியே ஒதுக்கிவைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2017 முதல் மின்தூக்கிகளை மாற்றுவதற்கென்றே தனி நிதி. இப்படி ஒதுக்கும் நிதிக்கு ஆங்கிலத்தில் ‘சிங்கிங் ஃபண்ட்’ (sinking fund), நம் கலைச்சொல் பட்டியல்களில் அதை அப்படியே பெயர்த்து ‘மூழ்கு நிதி’ என்று ஒரு சொல் உலவுகிறது. கேட்டால் பணம் போய்விட்டது போல இருக்கிறது!

நியூசிலாந்தில் 2014 சட்டத் திருத்தத்தின்படி, உள்ளாட்சி மன்றங்கள் குறைந்தது 30 ஆண்டுக்கான உட்கட்டமைப்புத் திட்டத்தை வகுக்க வேண்டும். அதை வைத்து எழுதிப் பார்த்தேன்: “எந்தக் குழாய்க்கு எந்த ஆண்டில் மூப்பீடு, அதற்கு எவ்வளவு செலவு?” வாக்கியம் நொண்டவில்லை.

எனக்குத் தெரியும் ஒரே இடைஞ்சல், அரசு அலுவலகத்தில் மூப்பு என்றதும் பணிமூப்புப் பட்டியல்தான் நினைவுக்கு வரும். யாருக்குப் பதவி உயர்வு என்று கேட்டுவிடுவார்கள். பரவாயில்லை, ஒரு தடவை சிரித்தால் சொல் மறக்காது.

அப்புறம், ‘அசெட் மேனேஜ்மென்ட்’டுக்கு வழங்கும் ‘சொத்து மேலாண்மை’ என்பதை நான் தொடவில்லை. படித்தவுடன் சொத்துக் குவிப்பு வழக்கு ஞாபகம் வருகிறது, சரி. ஆனால் சொத்துப் பதிவேடு ஏற்கெனவே அலுவலகத்தில் புழங்குகிற சொல். இருக்கட்டும்.

மூன்றாம் அத்தியாயத்தைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். அதில் ‘மூப்பீடு’ என்றே போட்டுவைக்கிறேன். அதற்குள் யாருக்காவது இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.