புதுப்பிப்பு: எச்.ஐ.வி. ஆதரவு அமைப்பில் சேர்ந்துவிட்டேன்

நாமக்கல்லில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கான அமைப்பில் தன்னார்வலராகச் சேரலாமா, அம்மா பயப்படுகிறார் என்று ஜூனில் எழுதியிருந்தேன். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

பெரும்பாலும் கூடப் போவதுதான் வேலை. தொற்று இருப்பது புதிதாகத் தெரியவந்தவர்களுக்கு, எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு. சீட்டு எங்கே, ரத்தம் எங்கே கொடுப்பது என்று காட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மருந்தை அரசு 2004 ஏப்ரலிலிருந்து இலவசமாகத் தருகிறது. இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. இதை முதல்முறை கேட்கும் கணவன் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பல வருடமாக மருந்து எடுக்கும் ஓர் அக்கா, மாத்திரை டப்பாவில் பஞ்சை அடைத்துக் காட்டினார். "பஸ்ல குலுங்குனா சத்தம் கேக்குமுல்ல கண்ணு." லேபிளையும் அங்கேயே கிழித்துவிட்டார். சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று 2017இலேயே சட்டம் வந்துவிட்டது. இன்னும் பஞ்சு தேவைப்படுகிறதே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அம்மாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினேன். சேர்ந்து சாப்பிட்டால், கை கொடுத்தால் ஒட்டாது என்று இப்போது அவரே பக்கத்து வீட்டில் சொல்கிறார். சனிக்கிழமைகளில் எனக்குக் கட்டும் புளிச்சோறு பத்துப் பேருக்குக் காணும். டப்பா காலியாகத்தான் வீடு திரும்புகிறது.