அரிசிக் கோலத்தில் ஜப்பான் நிலா: கறுப்பா, வெள்ளையா?

கோலக்காரி_சிப்புட்:

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். தீபாவளிக்கு ஈப்போ பேரங்காடிகளில் கலர் அரிசிக் கோலம் போடுவது என் தொழில். இந்த வருடம் தீபாவளிக்கு முன்னாலேயே ஒரு வேலை வந்திருக்கிறது. ஜப்பான் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே (முதலாளி) ஒருவர், செப்டம்பர் 25 அன்று கடை வாசலில் பத்தடிக்குப் பத்தடி கோலம் கேட்கிறார். தாமரை வேண்டாம், மயில் வேண்டாம், ஜப்பான்காரர்கள் வரைகிற நிலாதான் வேண்டுமாம்.

மாதிரிக்கு ஒரு பழைய மடிப்புத் திரையின் படத்தை அனுப்பினார். பின்னால் முழுக்கத் தங்க நிறம், முன்னால் உயரமான புல், புல்லுக்குள் பாதி புதைந்த ஒரு வட்டம். அந்த வட்டம் கறுப்பு! கிரகணமா என்று கேட்டால், “நிலாதான், நிலாதான்” என்கிறார். எனக்கென்னவோ தோட்டத்துப் பிள்ளைகள் லாலாங் புல் காட்டில் தொலைத்த பந்து மாதிரித்தான் தெரிகிறது.

நிலாவை ஏன் கறுப்பாகத் தீட்டினார்கள்? வானத்தை விட்டுவிட்டுப் புல்லில் ஏன் வைத்தார்கள்? முயல் போடலாமா? அம்மா, பாட்டி வடை சுடுவதைப் போடச் சொல்கிறார். அவரிடம் வாதாட என்னால் ஆகாது.

ஓய்வுபெற்ற_ஓவியவாத்தியார்:

கறுப்பாக யாரும் தீட்டவில்லை அம்மா. அது வெள்ளி. திரைக்குத் தங்க ரேக்கும் நிலாவுக்கு வெள்ளியும் வைப்பார்கள். தங்கம் அப்படியே இருக்கும். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுத்துவிடும். உன் கொலுசு கறுப்பதும் அதனால்தான். கொலுசைப் புளி போட்டுத் தேய்க்கலாம். ரேக்கைத் தேய்த்தால் ரேக்கே போய்விடும். ஆகவே நீ பார்த்தது முந்நூறு, நானூறு வருடத்துக் கறுப்பு. வரைந்த அன்றைக்குப் பளபளவென்று இருந்திருக்கும்.

புல்லுக்கும் காரணம் உண்டு. முசாஷி சமவெளி என்று ஒன்று. இன்றைய தோக்கியோ நகரமே அதன் மேல்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கண்ணுக்கு எட்டிய வரை புல். நிலா மறைய அங்கே மலையே கிடையாது, புல்லில் எழுந்து புல்லிலேயே விழும் என்று பழைய கவிதைகளில் பாடியிருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அதையே திரை திரையாக வரைந்து தள்ளினார்கள். உன் தவுக்கே அனுப்பியது அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். கறுப்பு அரிசி வேண்டாம். சாயம் போட்ட எந்த அரிசியும் நிலாவுக்கு வேண்டாம். மை ஓவியத்தில் அவர்கள் செய்வதைக் கவனி. நிலாவை வரையவே மாட்டார்கள். நீர்த்த மையை வட்டத்துக்கு வெளியே பூசுவார்கள். விளிம்பை ஒட்டி அடர்த்தியாக இருக்கும், விலக விலகக் கரைந்துபோகும். நடுவில் மை படாமல் விட்ட தாள்தான் நிலா. மர அச்சுப் படங்களிலும் பல இடத்தில் இதே கதைதான்: நீலம் வானத்துக்கு, நிலாவுக்குத் தாளின் வெள்ளை. ஆக, சாயமே படாத பச்சரிசியை நடுவில் கொட்டு. நீலத்தை மூன்று தரமாகக் கலந்து, கடும் நீலத்தை நிலாவை ஒட்டியே வை. பயப்படாதே. வெள்ளைக்குப் பக்கத்தில் இளநீலம் வைத்தால் எழும்பாது. நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் ஒளிவட்டம் போடுகிறார்களே, அதை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதே.

முயல் தாராளமாகப் போடலாம். பசித்து வந்தவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று தானே தீயில் குதித்த முயலை, சக்கரன், அதாவது நம் இந்திரன், நிலாவில் வரைந்து வைத்தான் என்பது புத்த ஜாதகக் கதை. நம் பக்கத்தில் இருந்து போன சரக்குதான். சீனாவில் அந்த முயல் உரலில் மருந்து இடிக்கிறது, ஜப்பானில் மோச்சி என்ற பசையரிசிப் பண்டத்துக்கு வெந்த அரிசியை இடிக்கிறது. யோஷிதோஷி என்ற ஓவியர் 1885 முதல் 1892 வரை நிலாவை வைத்தே நூறு அச்சுப் படங்கள் செய்தார். முடித்த வருடமே இறந்தும் போனார். அதில் 1889-இல் வந்த ஒரு படத்தில், பெரிய நிலாவுக்கு முன்னால் குரங்கு வீரன் சுன் வூகோங்கும் முயலும் இருப்பார்கள். தவுக்கேயிடம் காட்டு, சீனருக்கு அந்தக் குரங்கைத் தெரியாமல் இருக்காது. நூறு படங்களிலும் நிலா கண்ணில் படும் என்று நினைக்காதே. சிலவற்றில் வெளிச்சம் மட்டும்தான் இருக்கும்.

லயத்துப்பையன்:

வாத்தியார் ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் எங்கள் வீட்டில் ஜப்பான் என்றாலே பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவார். ஜப்பான் ராணுவம் மலாயாவைப் பிடித்திருந்தபோது, அவருடைய அப்பாவைத் தோட்டத்தில் இருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. 415 கிலோமீட்டர் பாதை. 1943-இல் போட்டு முடித்தபோது நம் ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்று ஒழுங்கான கணக்குக்கூட இல்லை. அக்கா கோலம் போடட்டும், பிழைப்பு. நான் லைக் போட மாட்டேன், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற_ஓவியவாத்தியார்:

தம்பி, என் பெரியப்பாவும் அந்தப் பாதைக்குப் போனவர்தான். நீ லைக் போட வேண்டாம்.

தைப்பிங்_மல்லிகா:

நான் தொழிற்சாலைப் பயிற்சிக்கு ஜப்பானுக்குப் போயிருந்தபோது இந்த நிலா பார்க்கும் நாளைப் பார்த்திருக்கிறேன். எட்டாம் சந்திர மாதத்துப் பதினைந்தாம் இரவு. நம் ஊரில் சீனர்கள் தங்லோங் விளக்கு ஏற்றி மூன்கேக் வெட்டுவதும் அதே இரவுதான், அதனால்தான் தவுக்கேக்கு அந்தத் தேதி. வீட்டு ஜன்னலோரம் ஒரு சின்னப் பீடம், அதில் அரிசி மாவு உருண்டை பதினைந்து. அடியில் ஒன்பது, மேலே நான்கு, உச்சியில் இரண்டு. பக்கத்தில் ஒரு ஜாடியில் சுசுகி என்ற நீளமான புல். அறுவடைக்கு வராத நெற்கதிருக்குப் பதிலாக அதை வைப்பதாகச் சொன்னார்கள். கொழுக்கட்டை பிடிக்கிற கைக்கு அந்த உருண்டை ஒரு வேலையே இல்லை.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த நாட்கள்தான். நிலா நாளுக்கு நாள் தாமதமாக எழும் இல்லையா? பதினேழாம் இரவு நின்று காத்திருக்கும் நிலா, பதினெட்டு உட்கார்ந்து காத்திருக்கும் நிலா, பத்தொன்பது படுத்துக் காத்திருக்கும் நிலா என்று தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போன எங்கள் அம்மாவிடம் சொன்னேன். “படுத்துக்கிட்டு நிலாவுக்குக் காத்திருந்தாங்களா? கொடுத்து வச்ச சனங்க” என்றார்.

தவுக்கேயின் மெனுவில் நிலா ஊடோன் இருக்கிறதா என்று பாருங்கள். நூடுல்ஸ் மேல் பச்சை முட்டையை உடைத்து ஊற்றியிருப்பார்கள், மஞ்சள் கருதான் நிலா. மெக்டொனால்ட்ஸ்கூட 1991-இல் இருந்து அங்கே முட்டை வைத்து நிலா பர்கர் விற்கிறது.

கோலக்காரி_சிப்புட்:

எல்லாருக்கும் நன்றி. தவுக்கேயிடம் பேசிவிட்டேன். வெள்ளை நிலா, மூன்று நீலம், கீழே புல், புல்லுக்குள் சின்ன முயல். குரங்கைப் பார்த்ததும் அதுவும் வேண்டும் என்கிறார். அதற்குத் தனிக் காசு என்று சொல்லிவிட்டேன். லயத்துப்பையன் தம்பி, உன் கோபம் புரிகிறது.

ஐயா, ஒரே சந்தேகம். நிலாவை நாலடி வட்டமாக வைக்கலாம் என்று இருக்கிறேன். பாதி புல்லில் புதைந்தால் சின்னதாகத் தெரியாதா?

ஓய்வுபெற்ற_ஓவியவாத்தியார்:

சின்னதாகத்தான் தெரியும். ஐந்தடியாக்கு. முயலை நிலாவுக்கு நேர் கீழே வைக்காதே, ஓரமாகத் தள்ளு. சாயம் போட்ட அரிசியை முதல் நாளே நன்றாகக் காயவிடு. நீலம் ஈரமாக இருந்தால் வெள்ளையில் இறங்கிவிடும்.